காது தைத்த காலம்

நம் பக்கத்தில் அறுபதைத் தாண்டியவர்கள் யாரும் பாம்படம் போட்ட கிழவியைப் பார்க்காமல் வளர்ந்திருக்க முடியாது. ராஜபாளையம் சந்தையில் காய் விற்றவர்கள், ஆடிப்பூரத் தேருக்கு வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவர்கள், பஸ்ஸில் வெற்றிலைப் பையைத் துழாவிக்கொண்டே கண்டக்டரிடம் சண்டை போட்டவர்கள். தலையை அசைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் தங்கம் ஆடும். இப்போது தேடினாலும் கிடைக்க மாட்டார்கள். 2023-இல் 'தண்டட்டி' என்று ஒரு சினிமாவே வந்தது. அதைப் பார்த்த இளவட்டங்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியிருந்ததாம்.

என் அப்பத்தாவின் காது தோளைத் தொடும். நான்கு வயதில் அவர் மடியில் படுத்துக்கொண்டு அந்தத் துளைக்குள் கையை விட்டு விளையாடுவேன். என் மணிக்கட்டு தாராளமாக நுழையும். களை எடுக்கப் போகும்போது பாம்படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, தொங்கும் சதையை எடுத்து மேல்மடலில் மாட்டிக்கொள்வார். குடையை ஆணியில் மாட்டுவது போல அவ்வளவு சாதாரணமாகச் செய்வார்.

அந்தக் காது தானாக வளர்ந்ததல்ல. பெண் குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே வேலை தொடங்கிவிடும். குத்துவது ஊசியால் அல்ல, சிறு கத்தியால். புண்ணில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை வைப்பார்கள். ஆற ஆறத் திரியைத் தடிமனாக்குவார்கள். பிறகு பனையோலையைச் சுருட்டி நுழைப்பார்கள். சுருட்டிய ஓலை விரியப் பார்க்கும் அல்லவா, அந்த விரிப்பிலேயே துளையும் பெரிதாகும். அதற்கப்புறம் குணுக்கு. ஈயத்தில் செய்த வளையம். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, மூன்று என்று எடையைக் கூட்டிக்கொண்டே போவார்கள். பிள்ளை அதைச் சுமந்துகொண்டுதான் நடை பழகும், பாண்டி ஆடும், தூங்கும். சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்த பிள்ளைகள் உண்டு. பாரம் தாங்காமல் சதை அறுந்து, இரண்டு வால் போலத் தொங்கியவர்களும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் 1906-இல் தென்னிந்தியப் பழக்கவழக்கங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில், உடம்பைச் சிதைத்துக்கொள்ளும் வழக்கங்களுக்கான பகுதியில் இதைச் சேர்த்திருக்கிறார். நம் ஆட்கள் அதைச் சிதைவு என்று நினைக்கவில்லை. லட்சணம் என்று நினைத்தார்கள்.

வளர்க்காத காதுக்கு ஊரில் பெயர் 'மூளிக்காது'. மூளிக்காதுக்காரியை யார் கட்டுவான் என்பது அந்தக் காலத்துக் கேள்வி. ஆகவே பெற்ற தாய்தான் அழுதுகொண்டே பிள்ளைக்கு ஈயத்தை மாட்டிவிடுவாள்.

நாற்பது ஐம்பது வருடத்தில் காற்று மாறியது. பள்ளிக்கூடம் வந்தது, சினிமா வந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையத்தில் மில் தொடங்கியதிலிருந்து சுற்று வட்டாரச் சனம் டவுனுக்குள் குடி வர ஆரம்பித்தது. டவுன் பெண்கள் சின்னக் காதில் தோடும் ஜிமிக்கியும் போட்டிருந்தார்கள். கிராமத்திலிருந்து வந்த பெண்ணின் வளர்ந்த காதுக்கு இப்போது வேறு பெயர் கிடைத்தது: 'தொள்ளைக்காது'. யோசித்துப் பாருங்கள். மூளி என்று திட்டுவார்களே என்று பயந்து ஈயம் சுமந்து வளர்த்த காது, பெண் பெரியவளாகி வருவதற்குள் தொள்ளை ஆகிவிட்டது. காது அதே காதுதான்.

என் அம்மா மாட்டிக்கொண்டது இந்த இரண்டு வார்த்தைகளுக்கு நடுவில். 1931-இல் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, காது வளர்த்து, பதினாறு வயதில் மில் தொழிலாளியான அப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு ராஜபாளையம் வந்தார். குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது முந்தானையால் தலையைச் சுற்றி மூடிக்கொள்வார். வெயிலுக்கு என்று நினைத்திருந்தேன். என் பள்ளிக்கூட விழாவுக்கும் அப்படியேதான் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர் அம்மா, "ஊர்ப்பக்கமா?" என்று சிரித்தபடி கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் அம்மா அதன் பிறகு பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை.

1958-இல் அம்மா காதைத் தைத்துக்கொண்டார். அப்போது தெற்கத்திப் பக்கம் ஊர் ஊராக இது நடந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மரத்துப்போக ஊசி போட்டு, தொங்கும் வளையத்தை வெட்டி எடுத்துவிட்டு, மீதிச் சதையைச் சேர்த்துச் சின்ன மடலாகத் தைத்துவிடுவார்கள். ஆறிய பிறகு புதிதாகத் துளை போட்டுத் தோடு மாட்டிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பேரெல்லாம் யாருக்கும் தெரியாது. 'காது தச்சுட்டு வந்தா' என்பார்கள், ரவிக்கை தைத்துக்கொண்டு வந்ததைச் சொல்வது மாதிரி.

வீட்டில் பெரிய ரகளை. அப்பத்தா இரண்டு நாள் சோற்றில் கை வைக்கவில்லை. "ஈயஞ் சுமந்து வளத்த காதை அறுத்துப்போட்டு வந்து நிக்கிறாளே, இனி எம் பாம்படத்தை யாரு போடுவா?" என்று திண்ணையில் உட்கார்ந்து அழுதார். அப்பா ஒன்றும் பேசவில்லை. பணம் கொடுத்தது அவர்தான் என்று பின்னால் தெரிந்தது.

வலது காது அழகாக ஆறியது. இடது காதில் தழும்பு தடித்து, கொட்டைப்பாக்கு அளவுக்குக் கட்டியாக நின்றுவிட்டது. கீலாய்டு என்பார்கள். காது மடலில் இது அடிக்கடி வரும். வெட்டினால் சில பேருக்கு முன்னைவிடப் பெரிதாகத் திரும்ப வளரும். டாக்டர் மேல் குற்றமில்லை, உடம்பு வாகு அப்படி. 2009-இல் சாகிற வரைக்கும் அம்மா போட்டோ எடுக்கும்போது முகத்தைக் கொஞ்சம் திருப்பித்தான் உட்காருவார். வீட்டிலுள்ள அத்தனை படத்திலும் வலது காதுதான் தெரியும்.

எழுபது வயதில் ஒருநாள் அவரிடம் கேட்டேன், "ஏம்மா, அன்னைக்குத் தச்சது இப்ப வருத்தமா இருக்கா?" அம்மா சொன்னார்: "வலிச்சதுடா. கட்டி வேற வந்து தொலைச்சிருச்சு. ஆனா கட்டுப் பிரிச்ச அன்னைக்கு முக்காடு போடாம தெருவுல நடந்து வந்தேன் பாரு." அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை, முருங்கைக்கீரை ஆயப் போய்விட்டார்.

அப்பத்தாவின் பாம்படம் எங்கே என்று கேட்பீர்கள். பாம்படம் பார்க்கப் பெரிதாக இருக்குமே தவிர உள்ளே அரக்கு, மேலேதான் தங்கத் தகடு. ஆசாரி உருக்கியபோது எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை. அம்மாவுக்கு ஒரு ஜோடித் தோடு போக, மிச்சம் என் படிப்புக்கு ஆனது. மருந்தாளுநர் படிப்பு. 1972-இலிருந்து முப்பத்தைந்து வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுத்தேன். அரசாங்கத்துக்கு மருந்தாளுநர், ஊருக்குக் கம்பவுண்டர்.

கம்பவுண்டர் ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவர்களை நீங்கள் டாக்டரைவிட அதிகமாகப் பார்க்கலாம். எழுபதுகளின் கடைசியில் தொழுநோய்க்கு டாப்சோன் மாத்திரை கொடுக்கும் வேலை என்னுடையது. ஒரு அம்மா மாதா மாதம் வருவார். விரல்களெல்லாம் நன்றாகவே இருந்தன, நோயும் கட்டுக்குள் வந்துவிட்டது. ஆனால் இரண்டு புருவமும் உதிர்ந்துவிட்டன. கண்மையால் புருவம் வரைந்துகொண்டு வருவார். வேர்த்தால் வழியும். அவரை வீட்டில் சேர்க்கவில்லை. "மாத்திரை போதும்யா, புருவத்துக்கு ஏதாச்சும் மருந்து இருக்கா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

அந்தக் கேள்விக்கு வேலூரில் ஏற்கெனவே ஒருவர் பதில் கண்டுபிடித்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. டாக்டர் பால் பிராண்ட். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த எலும்பு சர்ஜன். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, நல்ல தசைநாரை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்தியவர். உலகம் முழுக்க அவருக்குப் பேர் வந்தது அதனால்தான். ஆனால் கை சரியான பிறகும் அவருடைய நோயாளிகளுக்கு வேலை கிடைக்கவில்லை. புருவம் இல்லாத முகமும் அமுங்கிப்போன மூக்கும் அவர்களைக் காட்டிக்கொடுத்தன. அதனால் அவர் முகத்தையும் சரிசெய்யப் புறப்பட்டார். முடியுள்ள தலைத்தோலில் ஒரு துண்டை ரத்தக்குழாய் அறுந்துவிடாமல் எடுத்து, நெற்றித்தோலுக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவந்து புருவமாகத் தைத்தார். தலைமுடி ஆயிற்றே, அது பாட்டுக்கு வளருமாம். வெட்டிக்கொள்ளாமல் மீசை மாதிரி நீளமாகப் புருவம் வளர்த்துக்கொண்டு பெருமையாகத் திரிந்தவர்கள் இருந்தார்களாம். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த அம்மாவின் ஞாபகமும் வந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அழகுக்காகக் கத்தி வைப்பது என்றாலே பணக்காரத் திமிர் என்று பேசும் நம் வயதுக்காரர்கள் அதிகம். நான் அந்தக் கட்சி இல்லை. பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தைக்கும், தீக்காயத்தில் கழுத்து ஒட்டிப்போன பெண்ணுக்கும் செய்வது இதே கலைதான். அதற்குச் சுற்றும் துணிகூட நம் சத்திரப்பட்டியில் நெய்ததாக இருக்கலாம். பேண்டேஜ் துணிக்கு இந்தியா முழுக்க நம் சத்திரப்பட்டிதானே!

எனக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். பணியின் பின்பாதியில், முகம் எரிகிறது என்று வரும் இளம்பெண்களின் எண்ணிக்கை கூடியது. தோல் சிவந்து, மெலிந்து, உள்ளே ரத்தக்குழாய் நூல் நூலாகத் தெரியும். சிலருக்குக் கன்னத்தில் ரோமம் முளைத்திருக்கும். விசாரித்தால், சொறிக்கும் படைக்கும் பத்து நாள் மட்டும் போடவேண்டிய ஸ்டீராய்டு களிம்பை, வெள்ளையாவதற்காக ஒரு வருடம், இரண்டு வருடம் தடவியிருப்பார்கள். சொல்லிக்கொடுத்தது பக்கத்து வீட்டு அக்கா, விற்றது ஏதோ ஒரு மருந்துக்கடை. முதல் வாரம் முகம் உண்மையிலேயே பளிச்சென்று ஆகும், அதுதான் கண்ணி. நிறுத்தினால் எரியும். எரிகிறதே என்று மறுபடி தடவுவார்கள். 2018-இல்தான் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று பட்டியலில் சேர்த்தது. நான் ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் கழித்து.

'ஃபேர் அண்ட் லவ்லி' 1975-இல் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். 2020-இல் பெயரை 'குளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டார்கள். நாற்பத்தைந்து வருடம் கழித்து 'வெள்ளை' என்ற வார்த்தைக்கு வெட்கப்பட்டிருக்கிறார்கள், சந்தோஷம்! அதற்குள் கம்பெனிப் பேரே தெரியாத க்ரீம்கள் சந்தைக்கு வந்துவிட்டன. கேரளாவில் கோட்டக்கல்லில் 2021 ஜூலைக்கும் 2023 செப்டம்பருக்கும் இடையில், சிறுநீரில் புரதம் ஒழுகும் ஒருவகை நோயோடு ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்த 22 பேரை டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். 13 பேர் வெள்ளையாகும் க்ரீம் போட்டவர்கள். க்ரீமில் பாதரசம் இருந்தது. முகத்தில் தடவியது சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

வெள்ளை மோகம் என்று சொன்னதும் நம் ஊர் நாய் ஞாபகத்துக்கு வருகிறது. ராஜபாளையம் நாய் என்றால் பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. 2005-இல் தபால்தலையே போட்டார்கள். அந்த இனத்தில் பழுப்பிலும் கறுப்பிலும் குட்டி விழுவதுண்டு. ஆனால் அவற்றை யாரும் வாங்குவதில்லை, முன்பெல்லாம் வளரவே விடமாட்டார்கள். வெள்ளைக்கு வெள்ளையே சேர்த்துச் சேர்த்து, காது கேளாத குட்டிகள் பிறப்பது அந்த இனத்தில் தெரிந்த விஷயம். காவலுக்கென்று வளர்க்கும் நாய்க்குக் காது கேட்காவிட்டால் என்ன, நிறம் சரியாக இருக்கிறதே!

சரி, இவ்வளவையும் இப்போது எழுத உட்கார்ந்ததற்கு என் பேத்திதான் காரணம். மகள் வயிற்றுப் பேத்தி, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருபத்தைந்து வயது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேர் போடாதீங்க தாத்தா, மத்தபடி எழுதிக்கோங்க" என்றாள்.

அவளுக்கு என் மூக்கு. என்னுடையது என் அப்பத்தாவின் மூக்கு. நுனி பருத்து, இரண்டு பக்கமும் விரிந்து இருக்கும். எனக்கு எழுபத்தைந்து வருடமாக அது ஒரு தொந்தரவும் தந்ததில்லை. ஆம்பிளை மூக்கை யார் பார்க்கிறார்கள்? ஆனால் அவள் பிறந்த அன்றே ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்ற உறவுக்காரர்கள், "பிள்ளை லட்சணமா இருக்கு, மூக்கு மட்டும் தாத்தாவைக் கொண்டுருச்சு" என்றார்கள். சடங்கு வீட்டில் சொன்னார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் 'குடமொளகா' என்று பட்டப்பெயர்.

போன வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணின் போட்டோ கேட்டார்கள். மகள் ஒரு ஸ்டூடியோவுக்குக் கூட்டிப்போய் எடுத்து அனுப்பினாள். படத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ இடித்தது. நிறம் இரண்டு படி ஏறியிருந்தது, அது இப்போது சகஜம். மூக்கு ஒல்லியாக இருந்தது. கேட்காமலேயே ஸ்டூடியோக்காரப் பையன் கம்ப்யூட்டரில் அதைப் பிடித்துச் சுருக்கிவிட்டிருக்கிறான். "எல்லாருக்கும் செய்றதுதான் ஐயா, காசு கூட வாங்கலையே" என்றானாம்.

பெண் பார்ப்பதை ஆண்டாள் கோவிலில் வைத்துக்கொண்டோம். வீட்டுக்கு வந்து கேசரி சாப்பிட்டுவிட்டு வேண்டாமென்று சொல்வதைவிட இது இரண்டு தரப்புக்கும் கௌரவம். ராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், அரைமணி நேரம். மாப்பிள்ளைப் பையன் நல்ல மாதிரி. அவனும் இவளும் தனியாகப் பேசட்டும் என்று நாங்கள் பிராகாரத்தில் ஒதுங்கினோம். அப்போது மாப்பிள்ளையின் அம்மா என் மகளிடம் மெதுவாகச் சொன்னார், "தப்பா எடுத்துக்காதீங்க, போட்டோல வேற மாதிரி இருந்துச்சு." அவர் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் அனுப்பிய முகம் வேறு, கூட்டிக்கொண்டு போன முகம் வேறு. தூண் மறைவில் நின்ற பேத்தி காதில் அது விழுந்துவிட்டது.

அதே இடத்தில் இன்னொன்றும் நடந்தது. மாப்பிள்ளையின் ஆச்சியும் வந்திருந்தார்கள், எண்பத்தைந்து வயதிருக்கும். எனக்கு ஒரு பழக்கம், வயதான பெண்களைப் பார்த்தால் கண் முதலில் காதுக்குத்தான் போகும். அந்த ஆச்சியின் மடலில் வெள்ளைக் கோடாகத் தையல் தழும்பு. நான் பார்ப்பதை அவர்கள் கவனித்துவிட்டு, "என்னத்தப் பாக்கீக? ஆமா, தச்சதுதான். கல்யாணம் ஆன மறு வருசம். எங்க மாமியா ஆறு மாசம் எங்கூடப் பேசலை" என்று சொல்லிப் பொக்கை வாயால் சிரித்தார்கள். நானும் என் அம்மாவின் கதையைச் சொன்னேன். அவ்வளவு பெரிய கோவிலில் நாங்கள் இரண்டு பேரும் காதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேத்தி பக்கத்தில் வந்து கேட்டுக்கொண்டு நின்றாள். அதுவரை அவளுக்கு என் அம்மாவின் இடது காது ஏன் எந்தப் படத்திலும் இல்லை என்பது தெரியாது.

திரும்பும்போது கண்ணாடிக் கிணற்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றாள். ஆண்டாள், பெருமாளுக்குக் கட்டிய மாலையைத் தான் சூடிக்கொண்டு அழகு பார்த்த கிணறு என்று சொல்வார்கள் அல்லவா, அது. எட்டிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல மூஞ்சியே தெரியலை" என்றாள். "அவ காலத்துல தண்ணி மேல கிடந்திருக்கும்" என்றேன். வெளியே வந்து பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம்.

இரண்டு வாரம் கழித்து மகள் போனில் அழுதாள். பேத்தி சென்னையில் ஒரு மையத்தில் மூக்கை வெட்டிச் சரிசெய்துகொள்ள விசாரித்திருக்கிறாள். ஒன்றரை லட்சமாம். அவளே சம்பாதித்த பணம், பத்தாயிரம் முன்பணமும் கட்டிவிட்டாள். "நீங்கதான் ஆஸ்பத்திரியில இருந்தவுக, நீங்க சொன்னாத்தான் கேப்பா" என்றாள் மகள்.

எனக்குப் பயம் வந்தது உண்மை. காரணம் மூக்கு அல்ல. 2016 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் இடத்தில் தலையில் முடி நட்டுக்கொள்ளப் போன ஒரு பையன் இறந்துபோனான். வயது 22. மருத்துவக் கல்லூரிக் கடைசி வருட மாணவன், விவரம் தெரியாதவன் இல்லை. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னட சீரியல் நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு எடுக்கும் ஆபரேஷனுக்குப் போன இடத்தில் உயிரை விட்டார். வயது 21. வீட்டுக்குச் சொல்லாமல் போனதாகச் செய்தி வந்தது. தமிழில் 'பம்பரக் கண்ணாலே' படத்தில் நடித்த ஆர்த்தி அகர்வால் 2015-இல் அமெரிக்காவில் இறந்ததும் கொழுப்பு ஆபரேஷன் செய்து சில வாரத்தில்தான். இவர்களில் யாரும் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அந்த ஆபரேஷனுக்குப் போகவில்லை. முடி நடும் வேலையை டெக்னீஷியன்கள் தாங்களாகவே செய்யக்கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில்தான் வழிமுறை வெளியிட்டது. எத்தனை இடத்தில் முடிவெட்டும் கடைக்கு மாடியில் அது நடந்துகொண்டிருந்தது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு வந்தவளிடம் பேச்செடுத்தேன். கோபமில்லாமல்தான். அவள் கேட்ட முதல் கேள்வியே, "பூட்டி காதைத் தச்சா சரி, நான் மூக்கைச் செஞ்சா மட்டும் தப்பா?"

"அவுக காதை ஊரே சேர்ந்து இழுத்து விட்டுச்சு. அவுக பழையபடி ஆக்கிக்கிட்டாக. உன் மூக்கை யாரும் தொடலையே" என்றேன். நல்ல பதில் என்றுதான் நினைத்தேன்.

"தொடலைன்னு யாரு சொன்னா? பிறந்ததுல இருந்து எல்லாரும் தொட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஈயம் மட்டும்தான் போடலை."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, எனக்குத் தெரிந்த தொழிலுக்கு வந்தேன். செய்வதும் செய்யாததும் உன் இஷ்டம், ஆனால் சில கேள்வி கேட்டுவிட்டு வா என்றேன். வெட்டப்போகிறவர் முறையாகப் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா, வேறு ஏதோ படித்துவிட்டு ஒரு மாதப் பயிற்சிச் சான்றிதழை மாட்டியிருப்பவரா? மயக்க மருந்து கொடுப்பவர் தனி டாக்டரா, முடிகிற வரை கூடவே நிற்பாரா, ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவாரா? நாடி விழுந்தால் தூக்கிக்கொண்டு போக அதே கட்டடத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? ராத்திரி யார் இருப்பார்கள்? வீக்கம் முழுசாக வடிந்து மூக்கின் உருவம் தெரிய ஒரு வருடம்கூட ஆகும், அதற்குப் பிறகு பிடிக்கவில்லை என்றால் மறு ஆபரேஷனுக்கு யார் பணம்? தழும்பு தடிக்கும் வாகு நம் குடும்பத்தில் இருக்கிறது, அதை அவர்களிடம் சொன்னாயா?

போனில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். கடைசிக் கேள்விக்கு மட்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சம்மதம் சொல்லி அனுப்பினார்கள். பையன் பிடிவாதமாக நின்றானாம். எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி, மூக்கு விஷயம் அத்தோடு முடிந்தது என்று மகள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். பேத்தி, "அவங்க சரின்னு சொன்னதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. அது அவங்க விருப்பம். இது என்னோடது" என்று சொல்லிவிட்டாள். சரியாகத்தான் சொன்னாள். எங்களுக்குத்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகிறது.

அந்த மையத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். மற்றதற்கெல்லாம் மளமளவென்று பதில் சொன்னவர்கள், ராத்திரி யார் இருப்பார்கள் என்ற கேள்விக்கு மட்டும் மழுப்பினார்களாம். முன்பணத்தைத் திருப்பிக் கேட்டாள், தரவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டு, வேறு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜன் ஒருவரைப் பார்த்தாள். அவர் தழும்பு விஷயத்தைக் கேட்டதும் அவளுடைய தடுப்பூசித் தழும்பைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வாருங்கள், அப்போதும் வேண்டும் என்று தோன்றினால் பேசலாம் என்று அனுப்பிவிட்டாராம். ஆறு மாதம் வருகிற சித்திரையோடு முடிகிறது. கல்யாணம் வைகாசியில். என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அம்மாவின் தகரப் பெட்டியை இறக்கிக் கொடுத்தேன். அதில் அடியில், பழைய துணியில் சுற்றி, அம்மா சின்ன வயதில் போட்டிருந்த குணுக்குகள் இரண்டு இருந்தன. பாம்படம் போய்விட்டது, தங்கம் அல்லவா. ஈயத்தை யார் எடுப்பார்கள்? சாம்பல் நிறத்தில், ஒழுங்கில்லாத வளையங்கள். அவள் ஒன்றைக் காதருகில் பிடித்துக் கண்ணாடியில் பார்த்தாள். பிறகு அடுப்படியில் மகள் கேக்குக்கு மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். நாற்பத்தேழு கிராம்.

"இது எத்தனை வயசுல தாத்தா?"

"நாலு, அஞ்சு இருக்கும்."

அதைப் போட்டோ எடுத்து யாருக்கோ அனுப்பினாள். மாப்பிள்ளைக்காக இருக்கலாம், சிநேகிதிகளுக்காக இருக்கலாம். ஒன்றைத் தான் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள், எடுத்துக்கொள் என்றேன். கைப்பையில் போட்டுக்கொண்டு அப்படியே பொங்கலைச் சாப்பிட உட்கார்ந்தாள். ஈயத்தைத் தொட்டிருக்கிறாய், முதலில் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு என்று எழுப்பி அனுப்பினேன்.